ரூன் கல்வெட்டை நீங்களே படிக்கலாம்: ஒரு முழுமையான வழிகாட்டி

டென்மார்க்கின் ஃபூனன் தீவில் விமோசே என்றொரு சதுப்பு நிலம் இருக்கிறது. அங்கே கிடைத்த பழம்பொருள்களில் ஒன்று, கொம்பில் செய்த ஒரு சீப்பு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கி.பி. 160 வாக்கில் யாரோ ஒருவர் அதில் ஐந்து எழுத்துகளைக் கீறியிருக்கிறார்: ஹ், அ, ர், ய், அ. ‘ஹர்யா’. ஒரு மனிதரின் பெயர் என்றே பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். மந்திரமும் இல்லை, சாபமும் இல்லை. தலைவாருகிற சீப்பில் ஒரு பெயர், அவ்வளவுதான்.

ரூன் எழுத்துகளைக் கற்க வருகிறவர்கள் முதலில் இந்தச் சீப்பைப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். ரூன் என்றதுமே குறி சொல்லும் கற்களும் பச்சை குத்தும் கடைகளும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் அது ஜெர்மானிய மொழிகள் பேசிய மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பெயர் எழுதவும், இறந்தவரை நினைக்கவும், கணக்கு வைக்கவும் பயன்படுத்திய எழுத்து. எழுத்து என்றால் படிக்க முடிய வேண்டும். முறையாகப் போனால் ஓரிரு வாரங்களில் வைக்கிங் காலத்துக் கல் ஒன்றை, அதாவது ஏறத்தாழ 8 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான கல்லை, எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு இதில் ஒரு தனி வசதியும் இருக்கிறது. அதை ஐந்தாம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் முன் இருப்பது எந்த ரூன்?

‘ரூன் எழுத்து’ என்று ஒருமையில் சொன்னாலும் அது ஒரே எழுத்துமுறை அல்ல. காலமும் இடமும் மாற மாற அதுவும் மாறியது. நம் அகரவரிசைக்கு ‘அரிச்சுவடி’ என்று பெயர் இருப்பதைப் போல, ரூன் வரிசைக்கு அதன் முதல் ஆறு எழுத்துகளைச் சேர்த்து ‘ஃபுதார்க்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மூத்தது 24 எழுத்துகள் கொண்ட பழைய ஃபுதார்க். ஏறக்குறைய கி.பி. 2ஆம் நூற்றாண்டு முதல் 8ஆம் நூற்றாண்டு வரை வழங்கியது. ஸ்வீடனின் கோட்லாந்து தீவில் ஒரு கல்லறையில் 1903இல் கிடைத்த கில்வர் கல்லில் இந்த 24 எழுத்துகளும் வரிசையாக இருக்கின்றன. அது 400ஆம் ஆண்டு வாக்கில் வெட்டப்பட்டது. 1774இல் வாட்ஸ்டெனாவில் கிடைத்த தங்கப் பதக்கத்தில் அதே வரிசை எட்டெட்டாக மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அந்தப் பதக்கம் 1938இல் திருட்டுப் போய்விட்டது. இன்றுவரை திரும்பவில்லை.

அடுத்தது ஸ்கண்டிநேவியாவின், அதாவது டென்மார்க், நார்வே, ஸ்வீடன் பகுதியின், இளைய ஃபுதார்க். வைக்கிங் காலத்துக் கற்கள் எல்லாம் இதில்தான். இதில் 16 எழுத்துகளே உண்டு. மொழியில் உயிரொலிகள் பெருகிய அதே காலத்தில் எழுத்துகள் குறைந்தன என்பது ரூன் வரலாற்றின் பெரிய வியப்பு. இங்கிலாந்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே எழுத்துகள் 28, 31 என்று பெருகின. அந்த வரிசைக்கு ஃபுதோர்க் என்று பெயர். திமிங்கில எலும்பில் செய்து இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ஃபிராங்க்ஸ் பேழையும், ஸ்காட்லாந்தின் ரத்வெல் சிலுவையும் இந்த வகையைச் சேர்ந்தவை. கடைசியாக, கிறித்தவம் வேரூன்றிய பின் ஸ்கண்டிநேவியாவில் பதினாறு எழுத்துகளுக்குப் புள்ளி வைத்து ஒலிகளைப் பிரித்துக் காட்டிய இடைக்கால ரூன்.

எப்படிப் பிரித்தறிவது? எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். இரண்டு செங்குத்துத் தண்டுகள் கொண்ட எழுத்துகள், அதாவது ஆங்கில ‘எச்’, ‘எம்’ போன்ற வடிவங்கள், கண்ணில் பட்டால் அது பழைய ஃபுதார்க் அல்லது இங்கிலாந்து வகை. எல்லா எழுத்துகளும் ஒற்றைத் தண்டிலேயே நின்றால் இளைய ஃபுதார்க். தண்டின் நடுவிலோ கிளையிலோ புள்ளி இருந்தால் பெரும்பாலும் இடைக்காலம்.

தொடங்குகிறவர்கள் இளைய ஃபுதார்க்கிலிருந்து தொடங்குங்கள். பழைய ஃபுதார்க்கில் ஏறத்தாழ 400 பொறிப்புகளே கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை மிகச் சிறியவை, பொருள் குறித்த விவாதம் ஓயாதவை. வைக்கிங் காலக் கற்களோ சுமார் 3,000. உப்லாந்து என்ற ஒரே ஸ்வீடன் மாகாணத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். வாசகங்களும் நீளமானவை, தெளிவானவை.

இரண்டாம் படி: பதினாறு எழுத்துகளைக் கைக்குக் கொண்டுவருவது

ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ரூன் எழுத்துக்குத் தண்டு, கிளை என்ற இரண்டு உறுப்புகள்தான். படுக்கைக் கோடு கிடையாது. மரக்குச்சியில் கத்தியால் கீறுவதற்கு உருவான எழுத்து இது. மரத்தின் நார் ஓடும் திசையிலேயே கீறினால் கோடு நாரோடு கலந்து மறைந்துவிடும். அதனால் எல்லாக் கோடுகளும் நாரை வெட்டிச் செல்கின்றன.

வெறும் தண்டு நின்றால் ‘இ’. தண்டின் உச்சியில் இருபுறமும் கூரைபோல் இறங்கினால், அதாவது மேல்நோக்கிய அம்பு போல இருந்தால், ‘ட்’. வலப்பக்கம் மேல்நோக்கி ஒரு கிளை இருந்தால் ‘க்’, இரண்டு கிளை இருந்தால் ‘ஃப்’. உச்சியிலிருந்து ஒரே ஒரு கிளை வலப்பக்கம் சாய்ந்து இறங்கினால் ‘ல்’. அதே கிளை அடிவரை வளைந்து இறங்கினால் ‘உ’. தண்டின் வலப்பக்க நடுவில் முள்போல் புடைத்தால், ஆங்கிலத்தின் ‘திங்க்’ என்ற சொல்லில் வரும் ‘த்’. ‘ர்’, ‘ப்’ இரண்டும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளான ஆர், பி போலவே இருக்கும். அவை ரோம எழுத்தோடு உறவுள்ளவை என்பது பார்த்தாலே தெரியும். மின்னல் போல வளைந்தால் ‘ஸ்’. மேலே கவட்டை விரிந்தால் ‘ம்’.

தடுமாற வைப்பவை இரண்டு. தண்டின் குறுக்கே ஒரு சாய்கோடு இடமிருந்து வலமாக இறங்கினால் ‘ன்’, அதுவே ஏறினால் ‘அ’. தேய்ந்த கல்லில் இந்த இரண்டையும் மாற்றிப் படிப்பதுதான் தொடக்கத்தில் அதிகம் நடக்கும் பிழை. ஒரே சாய்கோட்டுக்குப் பதில் இரண்டு இருந்தால் மூக்கொலி கலந்த ‘அ’. அது பிற்காலத்தில் ‘ஒ’ ஆனது. தண்டின் நடுவில் பெருக்கல் குறி விழுந்து நட்சத்திரம் போல ஆனால் ‘ஹ்’.

இந்த ‘ஹ்’ உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. புளூடூத் சின்னம் என்பது ‘ஹ்’, ‘ப்’ என்ற இரண்டு ரூன்களை ஒரே தண்டில் பிணைத்தது. ஹரால்ட் புளூடூத் என்ற 10ஆம் நூற்றாண்டு டென்மார்க் அரசரின் பெயரெழுத்துகள் அவை. இப்படி இரண்டு எழுத்துகளை ஒரு தண்டில் ஏற்றுவது பழங்கால வழக்கமே.

மீதமிருப்பது ஒன்று. ‘ம்’ வடிவத்தைத் தலைகீழாக்கியது. அது சொல்லின் இறுதியில் வரும் தனி வகை ரகரம். நமக்கு அது எளிது, ‘ற்’ என்று குறித்துக்கொள்ளலாம். ர, ற இரண்டும் நம்மில் பலருடைய பேச்சில் கலந்துவிட்டதைப் போல அவர்கள் பேச்சிலும் அந்த இரண்டு ஒலிகளும் காலப்போக்கில் ஒன்றாயின. அதன் பின் வெட்டியவர்கள் ஒன்றுக்கு மற்றொன்றை எழுதினார்கள். அந்த எழுத்துப்பிழைகள் இன்று கல்லின் காலத்தைக் கணிக்க உதவுகின்றன.

மூன்றாம் படி: எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் போகிறது?

உப்லாந்துக் கற்களில் எழுத்துகள் வரிகளாக இருப்பதில்லை. ஒரு பாம்பின் உடல் கல்லைச் சுற்றி நெளிகிறது, அதன் உடலுக்குள் எழுத்துகள் போகின்றன. பெரும்பாலும் தலைப்பக்கம் தொடங்கி வாலில் முடியும். படிக்கும்போது கழுத்தைச் சாய்க்க வேண்டியிருக்கும். புகைப்படம் என்றால் திருப்பிக்கொண்டே படிக்கலாம்.

பழைய பொறிப்புகளில் திசை நிலையானது அல்ல. இடமிருந்து வலம், வலமிருந்து இடம் இரண்டும் உண்டு. ஏர் உழுவது போல ஒரு வரி போய் அடுத்த வரி திரும்பி வருவதும் உண்டு. ‘க்’, ‘ஃப்’, ‘ர்’ ஆகியவற்றின் கிளைகள் பார்க்கும் திசைதான் பொதுவாகப் படிக்கும் திசை. சொற்களுக்கு நடுவே இரட்டைப் புள்ளியோ சிறு பெருக்கல் குறியோ இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. இல்லாவிட்டால் எல்லாம் ஒரே தொடராக ஓடும், ஓலைச்சுவடியைப் போல.

ஒரு எச்சரிக்கை. பல கற்களில் எழுத்துகள் சிவப்பு வண்ணத்தில் பளிச்சென்று தெரியும். பழங்காலத்திலும் வண்ணம் தீட்டினார்கள் என்பது உண்மைதான். ஆனால் இன்று நாம் பார்க்கும் பூச்சு, பார்வையாளர்களுக்காக அண்மைக் காலத்தில் பூசியது. அது பூசியவரின் வாசிப்பு. ஐயம் வந்தால் வண்ணத்தை விட்டுவிட்டு உளி விட்ட பள்ளத்தைப் பாருங்கள்.

நான்காம் படி: பொருள் தேடாமல் எழுத்தை மட்டும் எழுதுவது

இந்தப் படியில்தான் பொறுமை வேண்டும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுத்துக்கு எழுத்து தாளில் எழுதுங்கள். தேய்ந்த எழுத்தை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். அறவே போனதற்குக் கோடு இடுங்கள். ‘இது இன்ன சொல்லாக இருக்கும்’ என்ற எண்ணம் இப்போது வரக் கூடாது.

இஸ்தான்புல்லின் ஹாகியா சோஃபியா மாடத்துச் சலவைக்கல்லில் ஒரு கீறல் இருக்கிறது. 1964இல் கவனிக்கப்பட்டது. வைக்கிங் காலத்தில் அங்கே போன வடநாட்டுக்காரர் ஒருவர் கீறியது. அதில் தெளிவாகத் தெரிவது ‘-அல்ஃப்டன்’ என்ற பகுதி மட்டுமே. ஹால்ஃப்டான் என்ற பெயர் என்று உடனே விளங்கிவிடுகிறது. ஆனால் முறையாகப் பதிவு செய்கிறவர் அந்த ‘ஹ்’ஐத் தெரிந்ததாக எழுதுவதில்லை. கல் சொன்னதும் நாம் நிரப்பியதும் தாளில் தனித்தனியாக இருக்க வேண்டும்.

இதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்வீடனின் பிளேகிங்கெ பகுதியில் உள்ள ருனமோ பாறை சாட்சி. அதில் ஓடும் கோடுகளை எழுத்து என்று இடைக்காலத்திலிருந்தே மக்கள் நம்பினார்கள். 1833இல் ஓர் ஆய்வுக்குழு போனது. ஃபின்னுர் மாக்னுசன் என்ற பேரறிஞர் அந்தக் கோடுகளை வலமிருந்து இடமாகப் படித்து, ஒரு போர்க் கவிதை என்று அறிவித்து, 1841இல் பெரிய நூலாகவே வெளியிட்டார். 1844இல் வோர்சோ என்ற இளம் தொல்லியலாளர் பாறையை நேரில் ஆராய்ந்து உண்மையைச் சொன்னார்: அவை இயற்கையான விரிசல்கள். மாக்னுசன் ஏமாற்றுக்காரர் அல்ல. அவருக்கு மொழி நன்றாகத் தெரிந்திருந்தது. கவிதையை எதிர்பார்த்துப் பார்த்ததால் விரிசலிலும் கவிதை தெரிந்தது.

ஐந்தாம் படி: எழுத்திலிருந்து ஒலிக்கு

மற்ற மொழிக்காரர்கள் அதிகம் திணறும் இடம் இது. தமிழருக்கு இது சொந்த வீடு.

‘டென்மார்க்’ என்று எழுதுகிறோம், ‘டோக்கியோ’ என்றும் எழுதுகிறோம். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. ‘கம்பன்’ என்பதில் உள்ள க வேறு, ‘சங்கம்’ என்பதில் உள்ள க வேறு. ‘பல்’லில் ஒரு ப, ‘தம்பி’யில் வேறொரு ப. நாம் ஒரு நொடியும் தயங்காமல் படித்துவிடுகிறோம். இளைய ஃபுதார்க் செய்வதும் அதுவே. ஒரே ‘க்’ வல்லொலிக்கும் மெல்லிய ஒலிக்கும், ஒரே ‘ட்’ இரண்டுக்கும், ஒரே ‘ப்’ இரண்டுக்கும். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் குழம்பிப்போவார், நாம் குழம்ப வேண்டியதில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் எந்த ஒலி என்பதை எழுத்து நிற்கும் இடமே பெரும்பாலும் சொல்லிவிடும். ரூனில் அப்படி விதி கிடையாது, சொல்லைத் தெரிந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

உயிர்களும் அப்படியே. ‘உ’ என்ற ஒரே எழுத்து உ, ஒ, வகரம், இன்னும் இதழ் குவித்துச் சொல்லும் ஒலிகள் அத்தனைக்கும் நிற்கும். ‘இ’ என்பது இ, எ, யகரம் மூன்றுக்கும். இன்னும் இரண்டு வழக்கங்கள். இரட்டித்த எழுத்தை ஒருமுறைதான் எழுதுவார்கள். ‘க்’ போன்ற வல்லெழுத்துக்கு முன் வரும் மூக்கொலியை அடிக்கடி விட்டுவிடுவார்கள்.

டென்மார்க்கின் யெல்லிங் ஊரில் ஹரால்ட் புளூடூத் ஏறத்தாழ 965இல் நிறுத்திய பெருங்கல்லில் இது எல்லாம் தெரியும். ‘குனுக்ற்’ என்று வெட்டியிருக்கிறது. சொல் ‘கொனுங்ற்’, அரசன். ‘ஒ’வுக்கு ‘உ’ நிற்கிறது, ‘ங்’ காணாமல் போயிருக்கிறது. தந்தையின் பெயர் ‘குர்ம்’ என்று இருக்கிறது, அவர் கோர்ம். இங்கே ‘க்’ மெல்லிய ஒலி. ‘டன்மவுர்க்’ என்பது டென்மார்க் நாடு. தந்தை கோர்முக்கும் தாய் தீராவுக்கும் நினைவாக இந்தச் சின்னங்களைச் செய்யச் சொன்னதாகவும், டென்மார்க் முழுவதையும் நார்வேயையும் வென்று டேன் மக்களைக் கிறித்தவர் ஆக்கியதாகவும் அந்தக் கல்லில் ஹரால்ட் சொல்லிக்கொள்கிறார்.

ஆறாம் படி: ஒரு முழுக் கல்லைப் படித்துப் பார்ப்போம்

ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே டேபி என்ற இடத்தில் 11ஆம் நூற்றாண்டில் யார்லபங்கி என்ற செல்வந்தர் ஒரு பாதை அமைத்தார். சேற்று நிலத்தைக் கடக்க மேடாக்கிய பாதை. அதன் ஓரங்களில் கற்களையும் நட்டார். அவற்றுள் ஒன்றின் தொடக்கம் எழுத்துக்கு எழுத்து இப்படி:

இ-அ-ர்-ல்-அ-ப்-அ-க்-இ

முதல் ‘இ’ யகரமாகிறது. ‘க்’குக்கு முன் விடுபட்ட மூக்கொலியைச் சேருங்கள். யார்லபங்கி. பெயர் வந்துவிட்டது. அடுத்து ‘லிட் ரைஸ’. ‘லெட் ரைஸ’, அதாவது எழுப்பச் செய்தார். ‘ஸ்டைன்’ என்பது கல். வழக்கமான கல்லில் இதன்பின் இறந்தவர் பெயர் வரும்: இன்னார் இந்தக் கல்லை இன்னாருக்காக எழுப்பினார், அவருடைய நல்ல தந்தைக்காக. இந்த வாய்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் வைக்கிங் காலக் கற்களில் பெரும்பாலானவற்றின் எலும்புக்கூடு உங்களுக்குப் பிடிபட்டுவிடும். ஆனால் இந்தக் கல்லில் வருவது ‘அட் ஸிக் குயிகுவன்’. ‘தனக்காகவே, உயிரோடு இருக்கும்போதே’. தன் ஆன்மாவுக்காகப் பாதை போட்டதாகவும், டேபி முழுவதும் தனக்கொருவருக்கே சொந்தம் என்றும் தொடர்ந்து சொல்கிறார். முடிவு:

க்-உ-த், ஹ்-இ-அ-ல்-ப்-இ, ஒ-ன்-ட், ஹ்-அ-ன்-ஸ்

‘குத்’ என்பது கடவுள், இங்கே ‘க்’ மெல்லிய ஒலி. ‘ஹியல்பி’ என்பது துணைசெய்யட்டும். ‘ஒன்ட்’ என்பது ஆன்மா. ‘ஹன்ஸ்’ என்பது அவருடைய. கடவுள் அவர் ஆன்மாவுக்குத் துணைசெய்யட்டும். இந்த நான்கு சொற்களை ஒருமுறை படித்துப் பழகிவிட்டால், உப்லாந்தில் எத்தனையோ கற்களின் முடிவை நீங்கள் தொலைவிலிருந்தே அடையாளம் காண்பீர்கள்.

படித்து முடித்ததும் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு பொறிப்புக்கும் அட்டவணை எண் உண்டு. மாகாணத்தின் அல்லது நாட்டின் முதலெழுத்தும் ஒரு எண்ணும் சேர்ந்தது. இந்தக் கல் உப்லாந்து 164. உப்சாலா பல்கலைக்கழகத்தின் ரூன் தரவுத்தளத்தில் அந்த எண்ணைத் தேடினால் எழுத்துப்பெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் முதலில் நீங்கள் படியுங்கள், பிறகு விடையைப் பாருங்கள்.

ஏழாம் படி: பழைய ஃபுதார்க்கும் பெயர்களின் கதையும்

கை பழகிய பிறகு மூத்த எழுத்துக்குப் போகலாம். ஒவ்வொரு ரூனுக்கும் பொருளுள்ள ஒரு பெயர் உண்டு, பெயரின் முதல் ஒலியே எழுத்தின் ஒலி. முதல் எழுத்தின் பெயர் கால்நடைச் செல்வத்தைக் குறிக்கும் (‘மாடு’ என்றால் செல்வம் என்று குறள் சொல்வதை நினைத்துக்கொள்கிறேன்). மற்றவை ஆலங்கட்டி மழை, பனிக்கட்டி, சூரியன், குதிரை, நீர். இந்தப் பெயர்கள் பிற்கால ரூன் பாடல்களிலிருந்து மீட்டெடுத்தவை.

பெயர் மாறினால் எழுத்தும் மாறும் என்பது இதில் அழகான செய்தி. ஆண்டு, விளைச்சல் என்ற பொருள்கொண்ட ‘யேர’ ஒரு ரூனின் பெயர், ஒலி ‘ய்’. ஸ்கண்டிநேவியாவில் சொல்லின் முதலில் நின்ற யகரம் உதிர்ந்து அது ‘ஆர்’ ஆனது. உடனே அந்த எழுத்தின் ஒலி ‘அ’ ஆகிவிட்டது. இங்கிலாந்தில் நான்காம் எழுத்தின் பெயர் ‘ஓஸ்’ என்று மாறியதால்தான் அங்கே வரிசையின் பெயர் ஃபுதோர்க்.

பயிற்சிக்கு ஒரே ஒரு வாக்கியம் தருகிறேன். தெற்கு யூட்லாந்தின் கல்லெஹூஸில் 1734இல் கிடைத்த தங்கக் கொம்பில் இருந்தது, சுமார் கி.பி. 400ஐச் சேர்ந்தது: ‘ஏக் ஹ்லெவகஸ்டிஸ் ஹோல்டியஸ் ஹோர்ன டவிடோ’. ஹோல்ட்டைச் சேர்ந்த ஹ்லெவகஸ்ட் ஆகிய நான் இந்தக் கொம்பைச் செய்தேன். ஹ்லெ, ஹோல், ஹோர் என்று மூன்று முறை ஹகரம் மோதுகிறது. மோனை! ஜெர்மானியக் கவிதைக்கு மோனைதான் உயிர், அதன் மிகப் பழைய அடிகளில் ஒன்று இது. கொம்பு இன்று இல்லை. 1802இல் ஒரு பொற்கொல்லர் அதைத் திருடி உருக்கிவிட்டார். முன்பே வரைந்து வைத்திருந்த படங்களால்தான் அந்த அடி பிழைத்தது.

எட்டாம் படி: விலக்க வேண்டியவை

ரூனுக்கும் தெய்வத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஓடின் என்ற கடவுள் ஒன்பது இரவு மரத்தில் தொங்கி ரூன்களைப் பெற்றதாக, நார்ஸ் என்ற பழைய ஸ்கண்டிநேவிய மொழியின் கவிதை பாடுகிறது. பிளேகிங்கெயின் பியர்கெடோர்ப் கல், தன்னை உடைப்பவருக்குச் சாபம் இடுகிறது. ஆனால் கடைகளில் விற்கும் குறி சொல்லும் தொகுப்பில் வருகிற எழுத்தில்லாத ‘வெற்று ரூன்’ 1980களில் நுழைந்தது, எந்தப் பழங்காலப் பொறிப்பிலும் கிடையாது. 18 எழுத்துகள் கொண்ட ‘அர்மானன்’ வரிசை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரியரான குய்டோ ஃபான் லிஸ்ட் உருவாக்கியது. நாஜிகளின் எஸ்எஸ் படை அணிந்த இரட்டை மின்னல் சின்னம் அந்த வழியில் வந்தது. அதைப் பொதுவில் காட்டுவது ஜெர்மனியில் இன்றும் குற்றம். பதக்கமோ பச்சையோ வாங்கும் முன் அந்த எழுத்தை யார் எப்போது எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள்.

உங்கள் பெயரை எழுதிப் பார்க்க ஆசையா? ஆங்கில எழுத்துகளைப் பார்த்து எழுதாதீர்கள், ஒலியைப் பார்த்து எழுதுங்கள். ‘கவிதா’ பழைய ஃபுதார்க்கில் க்-அ-வ்-இ-த்-அ. இரண்டு உயிர்களுக்கு நடுவே நாம் மெல்லிதாக்கிச் சொல்லும் தகரத்துக்கு அந்த முள் வடிவ எழுத்து பொருந்தும், பிற்கால நார்ஸ் பேச்சில் உயிர்களுக்கு நடுவே அது அப்படித்தான் ஒலித்தது. யாழினிக்கு மட்டும் என்னிடம் விடை இல்லை. ழகரத்துக்கு ரூன் கிடையாது. கணினியில் எழுத 1999 முதல் யூனிகோடில் ரூனுக்கு இடம் இருக்கிறது, தனி எழுத்துரு தேடி அலைய வேண்டாம்.

கடைசிப் பயிற்சி

1955இல் நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் பிரிக்கன் பகுதி தீப்பிடித்து எரிந்தது. சாம்பலை அகற்றித் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து சுமார் 670 ரூன் பொறிப்புகள் வெளிவந்தன. பெரும்பாலானவை மரக்குச்சிகள். சரக்கு மூட்டையில் கட்டிய பெயர்ச் சீட்டுகள், கடிதங்கள், வேண்டுதல்கள், காதல் வரிகள். அவற்றில் ஒரு குச்சியைத் தருகிறேன், நீங்களே படியுங்கள்:

கியா : ஸேஹிர் : அட்து : கக்ஹெய்ம்

முதல் சொல் கீதா என்ற நார்ஸ் பெண் பெயர், கீறிய கை அவசரத்தில் நடுவிலுள்ள ‘த்’ஐ விட்டுவிட்டது. ‘ஸேஹிர்’ என்றால் சொல்கிறாள். மூன்றாவதில் இரண்டு சொற்கள் ஒட்டியிருக்கின்றன: ‘அட் து’, நீ என்று. கடைசியிலும் அப்படியே. ‘கக்’கின் முதல் எழுத்து மெல்லிய ஒலி, கடைசி எழுத்து இரட்டிக்க வேண்டியது. ‘போ’ என்று பொருள். ‘ஹெய்ம்’ என்றால் வீடு.

கீதா உன்னை வீட்டுக்குப் போகச் சொல்கிறாள். அதே குச்சியில் இன்னொரு வரியும் கீறப்பட்டிருக்கிறது. அதை யாராலும் தெளிவாகப் படிக்க முடியவில்லை.